வாடிக்கையாளர் சேவை மென்பொருளுக்கு ஓராண்டுக் கட்டணத்தை மொத்தமாகக் கட்டிவிடாதீர்கள்

ஓராண்டுக் கட்டணம் முழுவதும் போய்விட்டது. வயிறு எரிகிறது. சிறிய அளவில் இணையவழி விற்பனை செய்பவர்கள் தயவுசெய்து இதைப் படியுங்கள். வாங்குமுன் என்னென்ன பார்க்க வேண்டும் என்பதைக் கடைசியில் விரிவாகச் சொல்கிறேன்.

நிறுவனத்தின் பெயர் வேண்டாம். வாடிக்கையாளரின் கேள்விக்கும் புகாருக்கும் இரவு பகலாகத் தானே பதில் சொல்லும் மென்பொருளைச் சந்தாவுக்கு விற்கிறவர்கள். இப்போது நள்ளிரவில் கேள்வி கேட்பவர் விடிவதற்குள் பதில் வராவிட்டால் ஆர்டரை ரத்து செய்துவிடுகிறார். அவரைக் குறை சொல்ல மாட்டேன். பெரிய நிறுவனங்கள் பழக்கிவிட்ட வேகம் அது. நாலைந்து பேர் நடத்தும் தொழிலில் அதற்கு ஈடுகொடுக்க முடியாமல்தான் இவர்களிடம் போனேன்.

விற்பனைப் பிரதிநிதி செயல்விளக்கம் காட்டியபோது, "உங்களுக்கு வந்த உண்மையான புகார் ஒன்றைக் கொடுங்கள் சார்" என்றார். கொடுத்தேன். திரையில் பதில் ஓடி வந்தது: முதலில் வருத்தம், பிறகு ஆர்டர் எண், பிறகு மாற்றுப் பொருள் வந்து சேரும் தேதி. அவ்வளவு பக்குவம். "ஆண்டு முழுவதற்கும் சேர்த்துக் கட்டினால் தள்ளுபடி உண்டு. பிடிக்காவிட்டால் பணம் திரும்ப வரும், அது என் பொறுப்பு" என்றார். அந்தச் சொல்லை நம்பித்தான் ஓராண்டுக் கட்டணத்தையும் ஒரே தவணையில் கட்டினேன்.

அந்தத் தேதி வெறும் கற்பனை என்று பிறகு தெரிந்தது. எங்கள் இருப்புக் கணக்கோடு மென்பொருளை இணைக்கவே இல்லை. வாய்க்கு வந்த தேதியை வாடிக்கையாளர்களுக்கு வாக்குக் கொடுத்துக்கொண்டிருந்தது. 2024இல் கனடாவில் ஒரு தீர்ப்பாயம், இணையதளத்தின் அரட்டை மென்பொருள் சொன்ன தவறான தகவலுக்கு விமான நிறுவனமே பொறுப்பு என்று கூறிப் பயணிக்கு இழப்பீடு கொடுக்க வைத்தது. வாக்குக் கொடுப்பது மென்பொருள், பதில் சொல்ல வேண்டியவர் நாம்.

ஓர் அம்மா, பொருள் உடைந்து வந்ததைப் படம் எடுத்து அனுப்பியிருந்தார். "பொருள் வந்து சேர்ந்ததில் மகிழ்ச்சி" என்று பதில் போய், புகார் மூடப்பட்டது. அவர் மறுபடி எழுதினார். புதிய எண், அதே பதில், மறுபடி மூடல். எனக்கு வந்த அறிக்கையில் பச்சை நிறத்தில் இருந்தது: தீர்க்கப்பட்ட புகார்கள் இரண்டு! எவ்வளவு விரைவில் முதல் பதில் போனது, எத்தனை புகார் மூடப்பட்டது என்பதைத்தான் அந்த அறிக்கை கணக்கிடுகிறது. உடைந்த பொருள் மாற்றப்பட்டதா என்பதற்கு அதில் கட்டமே இல்லை.

பணத்தைத் திருப்பிக் கேட்டேன். பிரதிநிதி அழைப்பை எடுக்கவில்லை. உதவிப் பிரிவு, "மென்பொருளுக்கு இன்னும் பயிற்சி வேண்டும், கேள்வி பதில்களை நீங்கள் எழுதித் தாருங்கள்" என்றது. அப்புறம் "மேலாளர் விடுப்பில் இருக்கிறார்". அப்புறம் "ஆண்டுச் சந்தா திருப்பித் தரப்படாது, நிபந்தனையில் இருக்கிறது". கடைசியில் என் புகாரையும் 'தீர்க்கப்பட்டது' என்று மூடிவிட்டார்கள். எங்கள் வாடிக்கையாளர்களின் பழைய உரையாடல்களை எடுத்துக்கொள்ளக்கூட மேல்நிலைச் சந்தா வேண்டுமாம். ஓராண்டுக் கட்டணத்தை விழுங்கியது போதவில்லை!

மாதச் சந்தாவில் மட்டும் தொடங்குங்கள். திருப்பித் தரும் வாக்குறுதியை எழுத்தில் வாங்குங்கள். தானாகப் புதுப்பிக்கும் வசதியை முதல் நாளே நிறுத்துங்கள். உரையாடல்களைப் பதிவிறக்க முடிகிறதா என்று கட்டணம் கட்டுமுன் செய்து பாருங்கள். மனிதரிடம் பேச வேண்டும் என்று வாடிக்கையாளர் கேட்டால் அழைப்பு யாருக்குப் போகிறது என்று கேளுங்கள். அட்டையில் கட்டியிருந்தால் உடனே வங்கியில் ஆட்சேபம் பதிவு செய்யுங்கள், அதற்குக் கால வரம்பு உண்டு.

இவ்வளவுதான் இப்போது எழுத முடிகிறது. மூடிய புகார்களை ஒவ்வொன்றாகத் திறந்து நானே பதில் எழுதிக்கொண்டிருக்கிறேன்.