நேஷனல் ஓவர்சீஸ் ஸ்காலர்ஷிப்: காசில்லாத வீட்டுப் பிள்ளைக்கு எவ்வளவு தூரம் தாங்கும்?

மதுரையில் வெளிநாட்டுப் படிப்புக்கு ஆள் சேர்க்கும் மையங்கள் 'ஸ்காலர்ஷிப்' என்று காட்டுவதில் பெரும்பாலானவை கட்டணத் தள்ளுபடிதான். இருபது லட்சத்தில் நான்கு லட்சம் குறைந்தாலும் மிச்சப் பதினாறும், வாடகையும், விமான டிக்கெட்டும் வீட்டின் தலையில்தான் விழும். கட்டணம் முழுவதையும் ஏற்று, மாதச் செலவுக்கும் பணம் தருகிற உதவிகள் மிகக் குறைவு. ஏழை வீட்டுப் பிள்ளைகள் அதில் முதலில் பார்க்க வேண்டியது மத்திய சமூக நீதி அமைச்சகத்தின் இந்தத் திட்டம்.

ஆண்டுக்கு 125 இடங்கள். பட்டியல் சாதியினருக்கு 115, சீர்மரபினருக்கு 6, நிலமற்ற விவசாயக் கூலிகள், பாரம்பரியக் கைவினைஞர் வீட்டுப் பிள்ளைகளுக்கு 4. மொத்தத்தில் 30 சதவீதம் பெண்களுக்கு. குடும்ப வருமானம் 8 லட்சத்தைத் தாண்டக் கூடாது, வயது 35க்குள், தகுதித் தேர்வில் 60 சதவீதம் வேண்டும். முதுகலைக்கும் பிஎச்டிக்கும் மட்டும்தான், இளங்கலைக்குக் கிடையாது. இந்தியப் பண்பாடு, வரலாறு, சமூகம் பற்றிய ஆய்வுத் தலைப்புகளை 2022இல் நீக்கிவிட்டார்கள். சாதியைப் பற்றியே ஆய்வு செய்ய விரும்பும் பிள்ளைக்குக் கதவு அடைபட்டது பெரிய இழப்பு.

கட்டணம், விசா, மருத்துவக் காப்பீடு, விமானப் பயணம் எல்லாம் உண்டு. செலவுத் தொகைதான் யோசிக்க வைக்கிறது. பிரிட்டனுக்கு ஆண்டுக்கு 9,900 பவுண்டு, மற்ற நாடுகளுக்கு 15,400 டாலர். பவுண்டுக் கணக்கில் மாதம் 825. லண்டனுக்கு வெளியே தங்குகிற மாணவருக்கே மாதம் 1,100 பவுண்டுக்கு மேல் வேண்டும் என்று பிரிட்டன் விசா விதி சொல்கிறது. ஆகவே லண்டன் வேண்டாம். கிளாஸ்கோ, லீட்ஸ், ஷெஃபீல்டு மாதிரி ஊர்களில் வாடகை குறைவு, பல்கலைக்கழகங்களும் பட்டியலுக்குள் வருகின்றன. பட்டியல் என்பது உலகப் பல்கலைக்கழகங்களை வரிசைப்படுத்தும் கியூஎஸ் தரவரிசையின் முதல் 500. மேலே இருக்கும் பல்கலைக்கு முன்னுரிமை உண்டு என்பதால், ரொம்பக் கீழே இறங்குவதும் ஆபத்து.

நிறையப் பேர் தடுக்கி விழுவது ஆஃபர் லெட்டரில், அதாவது பல்கலைக்கழகம் இடம் தருவதாகச் சொல்லும் கடிதத்தில். நிபந்தனையில்லாத ஆஃபர் வேண்டும். கடைசி செமஸ்டர் மதிப்பெண்ணும் ஐஇஎல்டிஎஸ் என்ற ஆங்கிலத் தேர்வின் முடிவும் போய்ச் சேரும்வரை பல்கலைக்கழகம் நிபந்தனையோடுதான் ஆஃபர் தரும். அரியர் இருந்தால் அந்த ஆண்டை மறந்துவிடலாம். காமராசர் பல்கலைக்கழகத்தின் கீழ்வரும் கல்லூரியில் படித்தவர்கள் ப்ரொவிஷனல் (தற்காலிகப் பட்டச் சான்றிதழ்), டிரான்ஸ்கிரிப்ட் (எல்லா செமஸ்டர் மதிப்பெண்களின் தொகுப்பு) இரண்டுக்கும் முடிவு வந்த கையோடு விண்ணப்பித்துவிட வேண்டும். ஐஇஎல்டிஎஸ் மதிப்பெண் இரண்டு ஆண்டு செல்லும், அதனால் அதை முன்பே எழுதி வைப்பதில் நஷ்டமில்லை. சில பல்கலைக்கழகங்கள் டெபாசிட் கேட்கும். கடன் வாங்கிக் கட்டுவதற்கு முன், அரசு உதவித்தொகைக்கு விண்ணப்பித்திருப்பதைச் சொல்லி விலக்கு கேளுங்கள்.

அடுத்து சான்றிதழ். இ-சேவையில் பதிந்தால் விஏஓ, ஆர்ஐ தாண்டித்தான் வருமானச் சான்றிதழ் கைக்கு வரும். வீட்டில் யாராவது வருமான வரிக் கணக்கு தாக்கல் செய்திருந்தால் இரண்டு தொகையும் ஒத்துப்போக வேண்டும். நம் பக்கம் இன்னொரு சிக்கல் இனிஷியல்: சாதிச் சான்றிதழில் ஓர் எழுத்து, பாஸ்போர்ட்டில் அப்பாவின் முழுப் பெயர். பாஸ்போர்ட் எடுக்கும்போதே இதைப் பார்த்துக்கொள்ளுங்கள். உசிலம்பட்டிப் பக்கத்துச் சீர்மரபினப் பிள்ளைகள் சான்றிதழில் டிஎன்டி (சீர்மரபினப் பழங்குடியினர்) என்று இருக்கிறதா பார்க்க வேண்டும். டிஎன்சி (சீர்மரபினச் சமூகத்தினர்) என்று மட்டும் போட்ட பழைய சான்றிதழை மத்தியத் திட்டத்துக்கு நம்ப வேண்டாம்.

இத்தனையும் சரியாக இருந்தும் சறுக்கலாம். 2025-26இல் தேர்வான 106 பேரில் முதலில் 40 பேருக்குத்தான் கடிதம் வந்தது, மற்றவர்களுக்கு நிதி இருந்தால் தருவோம் என்றார்கள். இந்தத் திட்டத்தின் மிக மோசமான பக்கம் இது. வேலையை விட்டுவிட்டு, பெட்டி கட்டிக் காத்திருக்கும் பிள்ளையிடம் இப்படிச் சொல்லவே கூடாது.

அதனால் இது ஒன்றை மட்டும் நம்பி உட்கார வேண்டாம். தமிழக ஆதிதிராவிடர் நலத்துறையின் வெளிநாட்டு உயர்கல்வி உதவி ஆண்டுக்கு 36 லட்சம் வரை போகும். எந்தச் சமூகத்தவரும் போடக்கூடியது முதுகலைக்கான ஐரோப்பிய ஒன்றியத்தின் எராஸ்மஸ் முண்டஸ் உதவித்தொகை: கட்டணமில்லை, மாதம் 1,400 யூரோ. பெரும்பாலான படிப்புகளுக்கு அக்டோபரிலிருந்து ஜனவரிக்குள் விண்ணப்பிக்க வேண்டும். பிரிட்டன் அரசின் செவனிங் உதவித்தொகை ஓராண்டு முதுகலைக்கு முழுச் செலவையும் ஏற்கும், ஆனால் 2,800 மணி நேர வேலை அனுபவம் கேட்கும். ஜெர்மனியில் பெரும்பாலான அரசுப் பல்கலைகளில் கட்டணம் இல்லைதான். ஆனாலும் உதவித்தொகை இல்லாதவர் 11,904 யூரோவை முடக்கக் கணக்கில் (மாதாமாதம் கொஞ்சமாக மட்டுமே எடுக்க முடிகிற வங்கிக் கணக்கு) காட்ட வேண்டும், பத்து லட்சத்துக்கு மேல். நம் படிப்புச் சான்றிதழ்களைச் சரிபார்த்து ஜெர்மன் விசாவுக்காகத் தரும் ஏபிஎஸ் சான்றிதழுக்கு 18,000 ரூபாய் தனி.

ஆஃபர் வந்த அன்றே பல்கலைக்கழகத்துக்கு ஒரு மெயில் போட்டு, உதவித்தொகை தாமதமானால் சேர்க்கையை அடுத்த ஆண்டுக்குத் தள்ளிவைக்க முடியுமா என்று கேட்டு, பதிலை எழுத்தில் வாங்கி வையுங்கள்.