கார்பன் ஷீட்டா, வெளிக் கேபிளா?

பெங்களூரு பீன்யா டீக்கடையில் நாமக்கல் லாரிக்காரர் ஒருவர் என்னைப் பார்த்தாலே கேட்பார்: "ஏண்ணே, இன்னைக்கு மேல விடுவாங்களா?" அங்கே மேம்பாலத்தைக் கான்கிரீட்டுக்குள்ளிருந்து இறுக்கிப் பிடிக்கும் எஃகுக் கேபிள்கள் துருப்பிடித்து 2021 டிசம்பரில் கனரக வண்டிகளை நிறுத்தினார்கள். 1,200-க்கும் மேற்பட்ட கேபிள்களைப் புதிதாகக் கோத்த பிறகு, 2024 ஜூலையில்தான் ஏறவிட்டார்கள், அதுவும் வெள்ளிக்கிழமை நீங்கலாக. இன்னொரு பக்கம் லாரிப் பாரமும் ஏறிவிட்டது. 2018-இல் நான்கு டயர் ஒற்றை அச்சுக்கு அனுமதி 10.2 டன்னிலிருந்து 11.5 ஆனது, இரட்டை அச்சுக்கு 19-லிருந்து 21.

இதே ஊரில் ராஜகாலுவே என்கிற பெரிய மழைநீர்க் கால்வாய் மேல், கர்டர் என்கிற கான்கிரீட் உத்தரங்கள் தாங்கும் ஒரு பழைய பாலத்தை வலுப்படுத்தும் வேலை எங்கள் கைக்கு வந்தது. இடித்துக் கட்டலாம், ஆனால் பக்கத்து ஷெட்டுகளுக்கு வேறு வழி இல்லை. அடியில் இரும்புத் தகடு ஒட்டலாம், கனம், துரு. மிச்சம் இரண்டுதான்: அடியில் கார்பன் இழை ஷீட் ஒட்டுவது, அல்லது வெளியே கேபிள் ஓட்டி இழுத்துக் கட்டுவது.

கார்பன் ஷீட் வேலை சீக்கிரம் முடியும். கான்கிரீட்டைத் தேய்த்து, எபாக்ஸிப் பசை பூசி ஒட்டினால் போதும், எடையும் இல்லை. ஆனால் ஒட்டிய பிறகு வருகிற பாரத்தைத்தான் அது தாங்கும். பாலத்தின் சொந்த எடையைப் பழைய கம்பிதான் சுமக்க வேண்டும்.

வெளிக் கேபிள் அப்படியில்லை. கர்டரின் இரு பக்கமும் உறைக்குள் கேபிள் ஓட்டி, ஜாக் வைத்து இழுத்தோம். டயல் கேஜ் முள் நகர்ந்து, கர்டரின் நடு ஒரு மில்லிமீட்டருக்கும் குறைவாக மேலே எழும்பியதைக் காட்டியது. சுமந்து களைத்தவனின் தலைச்சுமையை இன்னொருவர் கைகொடுத்துத் தூக்கிவிட்ட மாதிரி.

நான் கேபிள் பக்கம் சாய்ந்தது அதற்காக மட்டும் இல்லை, பராமரிப்புக்காக. முன்பு ஒரு பாலத்தில் கார்பன் ஒட்டியதைச் சோதிக்கப் போனேன். சுத்தியால் தட்டினால் ஓரிடத்தில் 'டக்', அடுத்த சாணில் 'டொப்'. டொப் என்றால் பிரிந்துவிட்டது. மேலே மழைநீர்க் குழாய் அடைத்து, தண்ணீர் கான்கிரீட்டுக்குள் இறங்கியிருந்தது. ஷீட் மூடியிருந்ததால் விரிசலும் கசிவும் யார் கண்ணுக்கும் படவில்லை. கேபிளை டார்ச் அடித்துப் பார்க்கலாம். கேபிள் முனையைப் பிடித்திருக்கும் ஆங்கரின் மூடியைக் கழற்றி கிரீஸ் எப்படி இருக்கிறது என்று விரலால் தொட்டுப் பார்க்கலாம். தளர்ந்தால் மறுபடி இழுக்கலாம், கெட்டால் அந்த ஒன்றை மட்டும் மாற்றலாம். உள்ளே புதைத்த கேபிளில் இந்த வசதி கிடையாது. ஆங்கர் பிடிக்கக் கர்டர் முனையில் துளை போட்ட மூன்று நாளும் எனக்குத் தூக்கமில்லை, பழைய கம்பியில் படக்கூடாதே என்று. செலவும் கார்பனைவிடக் கூடுதல்தான்.

சரி, கார்பன் வேண்டாமா? தூணைச் சுற்றிக் கட்ட அதையே எடுப்பேன். எங்கள் கேபிளுக்கு இப்போது நான்கு வயதுதான், அதை வைத்து ரொம்பப் பேச முடியாது. போன மழையில் காலுவே பெருகி, கேபிள் உறையில் பிளாஸ்டிக் பைகளும் ஒரு பழைய பாயும் சிக்கிக் கிடந்தன. அடுத்த பாலத்தில் கேபிளை இன்னும் ஒரு அடி உயர்த்தச் சொல்லியிருக்கிறேன்.