அவலோகிதம்: புதுக்கவிஞருக்கு வெண்பா பழக ஒரு கருவி

புதுக்கவிதையிலேயே கை பழகியவர்கள் மரபுக்குள் இறங்கிப் பார்க்க வினோத் ராஜன் உருவாக்கிய அவலோகிதம் என்ற யாப்பு மென்பொருள் நல்ல துணை. இலவசம். பாட்டைத் தட்டச்சு செய்தால் அசை (ஒலித் துண்டு), சீர் (அசைகள் சேர்ந்த அலகு), தளை (சீரும் சீரும் இணையும் கட்டு), தொடை (மோனை, எதுகை போன்ற ஒலியொப்பு) எல்லாம் பிரித்துக் காட்டி, என்ன பா என்றும் சொல்லிவிடும்.

வெண்பாவில் தொடங்குங்கள். கடினம்தான், ஆனால் பிழை எங்கே என்று பளிச்சென்று தெரியும். 'மழைவிட்ட பின்னே மரமெல்லாம் தூறும்' என்ற அடியில் தளை சுத்தம். ம-ம மோனையும் உண்டு. 'மரமெல்லாம்' இருந்த இடத்தில் 'வேப்பமரம்' போட்டால் தளை தட்டும். அது கூவிளங்காய், அதாவது நேர்-நிரை-நேர் (மெய்யைக் கணக்கில் விட்டால் ஓரெழுத்து அசை நேர், குறிலில் தொடங்கும் ஈரெழுத்து அசை நிரை); வெண்பாவுக்கு ஆகிற சீர்தான். ஆனால் 'பின்னே' தேமா, அதாவது நேர்-நேர். மாவுக்கு (நேரில் முடியும் ஈரசைச் சீர்) பின் நிரை வரவேண்டிய இடத்தில் 'வேப்' என்று நேர் வந்து நிற்கிறது, ஆசிரியப்பாவுக்கு உரிய ஆசிரியத்தளை புகுந்துவிடுகிறது. விளத்துக்கும் (நிரையில் முடியும் ஈரசைச் சீர்) காய்க்கும் (நேரில் முடியும் மூவசைச் சீர்) பின்னால் நேர். இந்த மூன்றும் மனப்பாடம் ஆனால் பாதிக் கிணறு தாண்டியாச்சு. ஈற்றடிக்கு மூன்றே சீர், முடிவு நாள், மலர், காசு, பிறப்பு என்ற வாய்பாடுகளில் ஒன்று.

ஒரு எச்சரிக்கை: இடைவெளிதான் சீர் எல்லை. 'மரம் எல்லாம்' என்று பிரித்துத் தட்டினால் அடி ஐந்து சீராகிவிடும். புணர்த்தி எழுதுவது உங்கள் வேலை.

தளைக்காக 'தான்', 'ஏ' என்று பொருளில்லாத அசைநிலைகளைத் திணித்தாலும் கருவி பச்சைக்கொடி காட்டும். அதை வாய்விட்டுப் படித்துத்தான் பிடிக்க வேண்டும். வெண்பா வசப்பட்டதும் ஆசிரியப்பாவுக்குப் போங்கள். அங்கே கொஞ்சம் மூச்சு விடலாம்.