படத்துக்குள்ளேயே பெயர் இருக்கட்டும்: லைட்ரூம், டிஜிகேம், எக்ஸிஃப்டூல் பல வருடப் பாவனைக்குப் பிறகு

இலங்கை மலையகத்தில் ஹட்டன் பக்கம் படம் எடுப்பது என் தொழில். கோயில் தேர், கல்யாணம், சடங்கு வீடு. மிச்ச நேரத்தில் தோட்டத்துக் குடும்பங்களின் பழைய படங்களை ஸ்கேன் செய்து கொடுக்கிறேன். எந்த மென்பொருளில் நிறம் நன்றாக வரும் என்று சொல்ல நிறையப் பேர் இருக்கிறார்கள். நான் இங்கே சொல்ல வந்தது படத்தோடு சேர்ந்து போகவேண்டிய விவரங்களைப் பற்றி: படத்தில் இருப்பவர் யார், எந்தத் தோட்டம், எந்த வருடம், எடுத்தவர் யார். மென்பொருளில் இவற்றை மெட்டாடேட்டா என்கிறார்கள். எதில் எழுதினாலும் சரி, எழுதியது கோப்புக்குள் போய்ச் சேர்ந்ததா என்பதைத்தான் இத்தனை வருடத்தில் முதலில் பார்க்கப் பழகியிருக்கிறேன்.

மலையகத்தில் இது வெறும் தொழில்நுட்ப விஷயம் இல்லை. 1964இன் சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தத்துக்குப் பிறகு குடும்பங்கள் இரண்டாகப் பிரிந்து, ஒரு பாதி தலைமன்னாரில் கப்பலேறி இந்தியாவுக்குப் போனது. இங்கே இருக்கிறவர்களிடம் ஒரு படம், நீலகிரியில் இருக்கிறவர்களிடம் இன்னொரு படம். பின்பக்கம் பென்சிலால் எழுதிய பெயரும் வருடமும்தான் இரண்டையும் இணைக்கிற ஒரே சாட்சி. ஸ்கேனர் முன்பக்கத்தை மட்டும் பிடிக்கும். பின்பக்கத்தை நாம்தான் கோப்புக்குள் எழுதவேண்டும்.

கோப்புக்குள் விவரம் இருக்கிற இடங்கள் மூன்று. கமரா தானாக எழுதுவது எக்ஸிஃப்: நேரம், லென்ஸ், ஷட்டர் வேகம். செய்தி நிறுவனங்களுக்காக வந்த பழைய முறை ஐபிடிசி. அடோபி 2001இல் கொண்டுவந்தது எக்ஸ்எம்பி. அது 2012இல் ஐஎஸ்ஓ தரமாகவும் ஆனது. தமிழில் எழுதுகிறவர்களுக்கு இந்த வித்தியாசம் மிக முக்கியம்.

பழைய ஐபிடிசியில் ஒவ்வொரு பெட்டிக்கும் நீள வரம்பு உண்டு. ஒரு குறிச்சொல்லுக்கு (படத்தைத் தேட உதவும் சொல்) 64 பைட் (கணினிக் கோப்பின் அளவு அலகு), ஊர்ப் பெயருக்கு 32. ஆங்கிலத்தில் எழுதுகிறவருக்கு அது தாராளம். எல்லா மொழிக்கும் பொதுவான எழுத்துமுறையான யூனிகோட்டில் தமிழ்க் குறியீடு ஒவ்வொன்றும் 3 பைட் எடுக்கும். ‘மு’ என்ற ஒரே எழுத்துக்கு மகரமும் உகரக் குறியும் சேர்ந்து 6 பைட் போய்விடும். ‘முத்துமாரியம்மன் தேர்த்திருவிழா’ என்று எழுதினால் மொத்தம் 91. வரம்பைக் கறாராகப் பார்க்கிற மென்பொருள் அதை ‘முத்துமாரியம்மன் தேர்த’ என்று வெட்டிவிடும். ‘நுவரெலியா’ 27 பைட்டில் தப்பிவிடும், அதற்குப் பின்னால் ‘மாவட்டம்’ என்று சேர்த்தால் தப்பாது. இன்னொன்று, ஐபிடிசிப் பகுதியில் எழுத்துமுறை யூனிகோட் என்று குறிக்காவிட்டால் தமிழ் முழுதும் கேள்விக்குறிகளாக மாறவும் கூடும். எக்ஸ்எம்பியில் இந்தத் தொல்லை எதுவும் இல்லை. அது யூனிகோட்டிலேயே பிறந்தது, நீள வரம்பும் கிடையாது. ஆகவே தமிழ் விவரத்தை எக்ஸ்எம்பியில் எழுதுங்கள். ஐபிடிசியும் கட்டாயம் வேண்டும் என்று கேட்கிற இடத்துக்கு மட்டும் சுருக்கமாக ஒரு பிரதி போதும்.

ஆங்கில எழுத்துகளைத் தமிழ் உருவத்தில் காட்டும் பழைய எழுத்துருவான பாமினியில் தட்டச்சுப் பழகியவர்களுக்கும் ஒரு வார்த்தை. நம் நாட்டு ஸ்டூடியோக்களில் இன்றும் பாமினிதான் கைப்பழக்கம். ஆல்பத்தின் அட்டைக்கு அது சரி. மெட்டாடேட்டா பெட்டியில் எழுத்துருவைத் தேர்வுசெய்ய வழியே இல்லை. ‘தமிழ்’ என்று அடித்தால் ஜே, கே, பி, ஓ, ஓர் அரைப்புள்ளி என்று ஆங்கில எழுத்துகள்தான் அங்கே நிற்கும். தேடினாலும் கிடைக்காது. யூனிகோட் விசைப்பலகைக்கு மாறிவிட்டுத்தான் இந்த வேலையைத் தொடங்கவேண்டும்.

அடோபியின் படத் திருத்த மென்பொருளான லைட்ரூம் கிளாசிக்கில் எனக்கு மிகவும் பிடித்தது குறிச்சொல்லுக்கு மாற்றுப் பெயர் கொடுக்கிற வசதி. நம் தோட்டங்களுக்குப் பதிவில் ஓர் ஆங்கிலப் பெயர், சனங்களின் வாயில் வேறொரு தமிழ்ப் பெயர். ஒன்றைக் குறிச்சொல்லாகவும் மற்றதை மாற்றுப் பெயராகவும் வைத்துவிட்டால் ஏற்றுமதியில் இரண்டும் சேர்ந்து போகும். டிஜிகேமில் நான் இரண்டையும் தனித்தனியாகத்தான் சேர்க்கிறேன். ஆனால் லைட்ரூம் நாம் எழுதுவதை முதலில் தன் சொந்தத் தரவுத்தளமான கேட்டலாக்கில்தான் வைத்துக்கொள்ளும். மாற்றங்களை எக்ஸ்எம்பியில் தானாக எழுதும் தெரிவு ஆரம்பத்தில் அணைந்திருக்கும். அமைப்புகளில் போய் அதை இயக்கவேண்டும், அல்லது படங்களைத் தெரிவுசெய்து கொண்ட்ரோல் எஸ் அழுத்தவேண்டும். அப்படிச் செய்தாலும் லைட்ரூமில் நாம் அமைக்கும் படத்தொகுப்புகளான கலெக்‌ஷன்கள் கோப்புக்குள் போகாது. ‘மேல்பிரிவு லயம்’ (லயம் என்பது தோட்டத் தொழிலாளரின் வரிசை வீடு) என்று ஒரு கலெக்‌ஷனில் படங்களைச் சேர்த்து வைத்திருந்தால் அதைக் குறிச்சொல்லாகவும் போட்டுவிடுங்கள்.

இப்போது என் அன்றாட வேலை டிஜிகேமில். இலவசம், திறந்த மூலம், மாதச் சந்தா இல்லை. குறிச்சொற்களை மரமாக அடுக்கலாம்: மாவட்டம், தோட்டம், பிரிவு, லயம். அந்த மரத்தை லைட்ரூமுக்கும் புரிகிற வடிவத்தில் சேர்த்தே எழுதுகிறது. முகம் அறியும் வசதி நம் கணினியிலேயே இயங்குவதால், அதற்குத் தேவையான கோப்புகளை ஒருமுறை இறக்கிய பின் சிக்னல் இல்லாத இடத்திலும் வேலை நடக்கும். பழைய பாடசாலைக் குழுப்படத்தில் ஒவ்வொரு முகத்துக்கும் பெட்டி போட்டுப் பெயர் எழுதி, அதைக் கோப்புக்குள்ளேயே பதியலாம். எனக்கு இதைவிடப் பெரிய வசதி வேறில்லை. ஒரே படத்துக்குத் தமிழ், சிங்களம், ஆங்கிலம் என்று தனித்தனிக் குறிப்பும் எழுதலாம். பல மென்பொருள்கள் இயல்பு மொழிக் குறிப்பை மட்டுமே காட்டும். அந்த இடத்தில் நான் தமிழை வைக்கிறேன்.

லைட்ரூமையும் டிஜிகேமையும் மாறி மாறிப் பாவிக்கிறவர்கள், விவரங்களைப் படத்துக்குப் பக்கத்தில் தனியே வைக்கும் பக்கக் கோப்பின் பெயரைக் கவனியுங்கள். ரா படத்துக்கு (கமரா பதப்படுத்தாமல் பதியும் கோப்பு) லைட்ரூம் உருவாக்கும் எக்ஸ்எம்பி கோப்பின் பெயரில் படத்தின் பின்னொட்டு இருக்காது. டிஜிகேமும், ரா படம் திருத்தும் இன்னொரு இலவச மென்பொருளான டார்க்டேபிளும் அதையும் சேர்த்தே பெயரிடும். ஒன்று எழுதியது மற்றதன் கண்ணில் படாதது இதனால்தான். டிஜிகேமின் அமைப்பில் வணிக மென்பொருள்களுக்கு ஒத்துப்போகிற பெயர் என்று ஒரு தெரிவு உண்டு. இரண்டும் வேண்டுமென்றால் அதை இயக்குங்கள்.

பெரிய தொகுதிகளுக்கு எக்ஸிஃப்டூல். ஃபில் ஹார்வி 2003இல் தொடங்கிய கருவி, கட்டளைவரியில், அதாவது கட்டளைகளைத் தட்டச்சு செய்து இயக்குவது. பார்த்தால் பயமாக இருக்கும், பழகினால் விடமாட்டீர்கள். நான் செய்கிற முறை இதுதான்: படத்தின் கோப்புப் பெயர்களை ஓர் அட்டவணையில் போட்டு வீட்டுக்காரரிடம் கொடுத்துவிடுவேன். அம்மாயி சொல்லச் சொல்லப் பேத்தி போனில் தட்டச்சு செய்து அனுப்புவாள். அதை யூனிகோட் சிஎஸ்வி (அட்டவணையை வெறும் எழுத்தாக வைக்கும் கோப்பு) ஆகச் சேமித்து ஒரே கட்டளையில் எல்லாப் படத்துக்குள்ளும் எழுதிவிடலாம். விண்டோஸின் கட்டளைச் சாளரத்தில் நேரடியாகத் தமிழ் அடித்தால் குழம்பலாம், சிஎஸ்வி வழியில் அந்தச் சிக்கல் வராது. வேறு கட்டளை கொடுக்காவிட்டால் அசல் கோப்பின் பிரதியையும் பக்கத்தில் விட்டுவைக்கும்.

பழைய படங்களுக்குத் தேதி போடுவதுதான் உண்மையான தலைவலி. ஸ்கேன் செய்த நாளைப் படம் எடுத்த நாளாக மென்பொருள் எடுத்துக்கொண்டால் அறுபதுகளின் கல்யாணப்படம் இந்த வருடப் படங்களின் நடுவில் வந்து நிற்கும். எக்ஸிஃப்பில் எடுத்த நேரமும் டிஜிட்டலாக்கிய நேரமும் வெவ்வேறு பெட்டிகள். ஸ்கேன் தேதி இரண்டாவதற்கு உரியது. ‘எழுபத்திரண்டு இருக்கும்’ என்று வீட்டார் சொன்னால் எக்ஸ்எம்பியில் 1972 என்று வருடத்தை மட்டும் எழுத எக்ஸிஃப்டூல் விடும். எக்ஸிஃப் பெட்டி முழுத் தேதியை எதிர்பார்ப்பதால் ஜனவரி 1, நள்ளிரவு என்று போட்டு, குறிப்பில் ‘1972 அளவில்’ என்று தெளிவாக எழுதிவிடுவேன். ஜிபிஎஸ் பதிவோடு பழைய டிஜிட்டல் படங்களை நேரம் பார்த்துப் பொருத்துகிறவர்கள் மட்டும் கவனிக்க: இலங்கை நேரம் உலகப் பொது நேரத்தைவிட 5:30 மணி முன் என்ற கணக்குக்குத் திரும்பியது 2006 ஏப்ரலில். அதற்கு முந்திய சில வருடங்களில் 6:00.

அனுப்பும்போது என்ன நடக்கிறது என்பதையும் பாருங்கள். வட்ஸ்அப்பில் சாதாரணப் படமாக அனுப்பினால் விவரங்கள் கழன்றுவிடும். டொக்கியுமெண்ட் ஆக அனுப்பினால் கோப்பு அப்படியே போகும். நீலகிரியில் உள்ள உறவுகளிடம் பழைய படம் கேட்கும்போதும் டொக்கியுமெண்டாகவே கேளுங்கள். ஃபோட்டோஷொப்பின் வலைக்கான சேமிப்பு, மாற்றாவிட்டால், பதிப்புரிமையையும் தொடர்பு விவரத்தையும் மட்டுமே வைத்துக்கொள்ளும்.

இருப்பிடம் மட்டும் வேறு கதை. கொழுந்து பறிக்கிற பெண்களின் படத்தையோ லயத்து வாசலில் விளையாடும் பிள்ளைகளின் படத்தையோ பொதுவெளியில் போடும்போது ஜிபிஎஸ் எண்கள் உள்ளே இருந்தால், அந்த வீட்டின் வாசல்வரை யாரும் வந்துவிடலாம். லைட்ரூமின் ஏற்றுமதிச் சாளரத்தில் இருப்பிடத்தையும் ஆட்களின் பெயரையும் நீக்க இரண்டு பெட்டிகள் இருக்கின்றன. வெளியே போகும் பிரதிக்கு நான் இரண்டையும் தெரிவுசெய்துவிடுவேன். குடும்பத்துக்குக் கொடுக்கும் பிரதியில் எல்லாம் இருக்கும்.