'த வெர்டிக்ட்': கட்சிக்காரரை ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம்

தர்மபுரியில் ஒரு வக்கீல் ஆபீசில் 22 வருடம் டைப் அடித்தவள் நான். முதலில் மெஷின், அப்புறம் கம்ப்யூட்டர். கோர்ட் படம் என்றால் வீட்டில் யாரும் என்னோடு உட்கார்ந்து பார்க்க மாட்டார்கள். "ஜட்ஜ் இப்படியெல்லாம் பேச விடமாட்டார்" என்று நடு நடுவே சொல்லிக்கொண்டே இருப்பேனாம். போன ஞாயிறு ஓசூரிலிருந்து வந்த மகன், "இதைப் பாரும்மா, உங்க சார் ஞாபகம் வரும்" என்று 'த வெர்டிக்ட்' படத்தைப் போட்டான். 1982-இல் வந்த அமெரிக்கப் படம். இயக்கம் சிட்னி லூமெட், வக்கீலாக பால் நியூமன்.

ஞாபகம் வந்தது, கொஞ்சம் அதிகமாகவே.

பாஸ்டன் நகரத்தில் ஃபிராங்க் கால்வின் என்று ஒரு வக்கீல். கையில் வழக்கு இல்லை. துக்கம் நடக்கும் இடத்துக்குப் போய், இறந்தவருக்கு வேண்டப்பட்டவர் போல் விதவையிடம் விசிட்டிங் கார்டை நீட்டுகிறார். தொப்பூர் கணவாயில் லாரி கவிழ்ந்தால் ஆஸ்பத்திரி வாசலில் யார் யார் வந்து நிற்பார்கள் என்று தெரிந்தவர்களுக்கு இது ஒன்றும் புதிதல்ல. பீரில் பச்சை முட்டையை உடைத்து ஊற்றிக் குடிக்கிறார். வாய்க்குள் ஸ்பிரே அடித்துக்கொண்டு ஆளைப் பார்க்கப் போகிறார். எங்கள் சாருக்கு ஏலக்காய். மேஜை இழுப்பறையில் ஒரு டப்பா எப்போதும் இருக்கும். காலை 10 மணிக்குப் பென்னாகரத்திலிருந்து கட்சிக்காரர் வந்து காத்திருப்பார். "சார் பூஜையில இருக்காங்க" என்பேன். சார் சாமி கும்பிடாதவர் என்பது ஊருக்கே தெரியும்.

நம் படங்களில் குடிகாரர் என்றால் சுவரைப் பிடித்துக்கொண்டுதான் நடப்பார். நிஜத்தில் குடிக்கிற வக்கீல் ரொம்ப நிதானமாக நடப்பார், சொல்லை எண்ணி எண்ணிப் பேசுவார். நியூமன் பெரும்பாலும் அப்படித்தான் நடித்திருக்கிறார். யாரிடம் கற்றாரோ!

வழக்கு இது: பிரசவத்துக்குப் போன பெண்ணுக்கு, சாப்பிட்ட கொஞ்ச நேரத்திலேயே மயக்க மருந்து கொடுத்துவிடுகிறார்கள். வாந்தியில் மூச்சடைத்து, கோமாவில் விழுந்துவிடுகிறாள். ஆஸ்பத்திரி கத்தோலிக்க மறைமாவட்டத்துடையது. பிஷப் 2,10,000 டாலர் தருவதாகச் சொல்கிறார். அதில் மூன்றில் ஒரு பங்கு, 70,000, கால்வினுக்கு. (நம் நாட்டில் ஜெயிக்கிற பணத்தில் பங்கு பேசக் கூடாது என்பது பார் கவுன்சில் விதி. விதி இருக்கிறது என்பதோடு நிறுத்திக்கொள்கிறேன்.) தொகையைக் கூட்டலாம் என்று, படுக்கையில் கிடக்கும் அந்தப் பெண்ணை, எடுத்த கையோடு படம் வெளியே வரும் போலராய்டு கேமராவில் படம் எடுக்கப் போகிறார். படம் மெல்ல மெல்லத் தெளிகிறது. மனிதர் அப்படியே உட்கார்ந்துவிடுகிறார். எங்கள் ஆபீஸ் கேஸ் கட்டுகளில் எத்தனையோ காயங்களின் போட்டோவைப் பசை தடவி ஒட்டியிருக்கிறேன். ஒன்றையும் அப்படி நின்று பார்த்ததில்லை.

கோர்ட் காட்சிகளில் குறை சொல்ல எனக்கு அதிகம் கிடைக்கவில்லை. எதிர்த்தரப்பு வக்கீலாக ஜேம்ஸ் மேசன், ஒரு பட்டாளம் ஜூனியர்களை வைத்துக்கொண்டு சாட்சிக்குப் பாடம் நடத்துவது அவ்வளவு சரி. இந்தப் பக்கம் கால்வினுக்கு இருப்பது மிக்கி என்ற வயதான நண்பர் மட்டும்தான். ஜாக் வார்டன் நடித்திருக்கிறார். குப்பையாகக் கிடக்கும் ஆபீசையும் அதில் கிடக்கும் ஆளையும் தூக்கி நிறுத்துவது அவர் வேலை. பெயர் வாங்குவது வேறொருவர். எனக்குப் பழக்கமான வேலை.

அட்மிஷன் படிவத்தில் 1 மணி நேரம் முன்பு சாப்பிட்டார் என்று இருந்ததை 9 என்று திருத்திவிடுகிறார்கள். நர்ஸ் ஒருவர் பழைய படிவத்தின் ஜெராக்ஸை எடுத்து வைத்திருக்கிறார். அப்புறம் நடப்பது, ஒரிஜினல் எங்கே என்று கேட்டு ஜெராக்ஸை ஓரம்கட்டும் நாடகம். அந்த இடத்தில் நான் சோபா நுனிக்கு வந்துவிட்டேன். திருத்திய ஒரிஜினலுக்கு இருக்கிற மரியாதை திருத்தாத நகலுக்கு இல்லை! யார் ஜெயித்தார்கள் என்று சொல்லமாட்டேன். அங்கே தீர்ப்பு சொல்வது ஜூரி, அதாவது பொதுமக்களிலிருந்து எடுத்த குழு. அந்த ஏற்பாடு நமக்கு இல்லை. இங்கே இதே வழக்கு 1995 உச்ச நீதிமன்றத் தீர்ப்புக்குப் பிறகு நுகர்வோர் கோர்ட்டுக்குக்கூடப் போகலாம். அங்கேயும் வாய்தா உண்டு.

சார்லட் ராம்ப்ளிங் வரும் பகுதி எனக்கு ஒட்டவில்லை. ஒரு ரகசியத்தைச் சுமக்க மட்டும் அந்தப் பாத்திரத்தை எழுதியது போல் இருக்கிறது. கால்வின் அவளை ஓங்கி அடிக்கும் இடத்தில் மகனும் நானும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்கவில்லை.

ஆனால் என் பெரிய வருத்தம் வேறு. பிஷப்பின் பணம் வேண்டாம் என்று எழுந்து வருகிறாரே, அதற்கு முன் கட்சிக்காரரை, அதாவது அந்தப் பெண்ணுக்காக வழக்குப் போட்ட உடன்பிறந்தவளை, ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம் இல்லையா? கேட்கவில்லை. அந்த உடன்பிறந்தவளின் கணவருக்கு விஷயம் வேறு வழியில் தெரிந்து தாழ்வாரத்தில் சண்டைக்கு வருகிறார். நீங்கள் எல்லாம் ஒரே மாதிரி, தப்பு உங்களுடையது, காலம் முழுக்க அதோடு வாழ்வது நாங்கள் என்கிறார். படம் அந்த மனிதரை அதோடு விட்டுவிட்டு வக்கீலின் பின்னால் போய்விடுகிறது.

எங்கள் சாரும், சமரசம் பேசி வழக்கை முடிக்கும் லோக் அதாலத் ஒன்றில் இப்படி எழுந்து வந்திருக்கிறார். விபத்தில் கணவரை இழந்த பெண்ணின் வழக்கு. அவள் வெளியே மரத்தடியில் பையனோடு உட்கார்ந்திருந்தாள். இன்சூரன்ஸ் கம்பெனி என்ன தொகை சொன்னது என்பதே அவளுக்குத் தெரியாது. மூன்று வருடம் கழித்து அதைவிடக் கூடுதலாகத்தான் தீர்ப்பானது. சார் அதை எத்தனையோ பேரிடம் பெருமையாகச் சொன்னார். இடையில் இரண்டு மாட்டையும் விற்றுவிட்டு, பள்ளிக்கூடம் போன பையனைத் திருப்பூர் பனியன் கம்பெனிக்கு அனுப்பியதை அவள் என்னிடம்தான் சொன்னாள், செக் வாங்குவதற்கான மனுவில் கையெழுத்துப் போட வந்த அன்று.

படம் இரண்டு மணி நேரத்துக்குக் கொஞ்சம் மேல். மெதுவாகத்தான் போகும், பொறுமை வேண்டும். முடிந்ததும் "எப்படிம்மா?" என்றான் மகன். அந்தத் தாழ்வாரக் காட்சியை மட்டும் மறுபடி போடச் சொன்னேன்.