வரவேற்பறைச் சான்றிதழ் எதை அளந்தது?

மருத்துவமனை வரவேற்பறையில் வரிசையாக மாட்டியிருக்கும் தரச்சான்றுகள் எல்லாம் ஒரே வகை அல்ல. நோயாளிகள் அப்படி எண்ணிக்கொள்வதில் நிர்வாகத்துக்கு வருத்தமும் இல்லை.

ஐஎஸ்ஓ 9001-ஐ முதலிலேயே ஒதுக்கிவிடலாம். 1987-இல் வந்த அந்தத் தரம் தொழிற்சாலைக்கும் வங்கிக்கும் பொதுவானது. எழுதிவைத்த நடைமுறைப்படி வேலை நடக்கிறதா என்று பார்க்கும். அது சரியான சிகிச்சையா என்று கேட்காது. (ஆய்வகங்களுக்கான ஐஎஸ்ஓ 15189 வேறு. அதற்கு மதிப்பு உண்டு.)

உண்மையான போட்டி, முழு மருத்துவமனைக்கான அங்கீகாரத்துக்கும், ஒரு குறிப்பிட்ட நோய்க்கோ சிகிச்சைக்கோ மட்டும் தரும் நோய்வாரிச் சான்றுக்கும் இடையேதான். அமெரிக்காவின் ஜேசிஐ (Joint Commission International) அமைப்பு தரும், மூன்றாண்டு செல்லுபடியாகும் அங்கீகாரம் முதல் வகை. அதன் ஆய்வாளர்கள் ஒரு நோயாளியைத் தேர்ந்து, சேர்க்கையிலிருந்து அவர் கடந்த ஒவ்வொரு பிரிவையும் பின்தொடர்வார்கள். ஆள் மாறாமல் மருந்து போகிறதா, கை கழுவுகிறார்களா, அறுவைக்கு முன் இடமா வலமா என்று உறுதிசெய்கிறார்களா என்பதெல்லாம் அதில் வரும். அடித்தளமாக இது அவசியம். ஆனால் அங்கே கணையப் புற்றுநோய் அறுவை ஆண்டுக்கு எத்தனை நடக்கிறது என்பது அந்த முத்திரையிலிருந்து தெரியாது.

நோய்வாரிச் சான்று அங்கேதான் கைவைக்கிறது. மார்பகப் புற்றுநோய் மையம் ஆண்டுக்குக் குறைந்தது 150 புதிய நோயாளிகளையாவது பார்க்க வேண்டும் என்கிறது ஐரோப்பிய மார்பகப் புற்றுநோய் நிபுணர்களின் யூசோமா அமைப்பு. பக்கவாத மையங்களில், நோயாளி வாசலில் நுழைந்ததிலிருந்து ரத்தக்கட்டியைக் கரைக்கும் மருந்து ஏறும்வரை 60 நிமிடம் என்பது நெடுங்கால இலக்கு. ரத்த மூலச்செல் மாற்றுக்கான ஜேசி (JACIE; மேலே சொன்ன ஜேசிஐ அல்ல) சான்று, செல் சேகரிப்பு, பதப்படுத்தல், நோயாளிக்குச் செலுத்துதல் ஆகியவற்றைத் தனித்தனியே சோதிக்கிறது. சிக்கலான சிகிச்சைக்கு என் ஓட்டு இதற்கே.

மூன்றாவதாக, சான்றே வேண்டாம், சிகிச்சையின் முடிவைக் காட்டுங்கள் என்பவர்கள். பாஸ்டன் அறுவை மருத்துவர் எர்னஸ்ட் காட்மன் இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்திலேயே இதைக் கேட்டு சகாக்களின் பகையைச் சம்பாதித்தார். ஸ்வீடன் 1979 முதல் இடுப்பு மூட்டு மாற்றுகளைப் பதிவேட்டில் தொடர்கிறது. கொள்கையளவில் இதுவே மேல். ஆனால் நோயின் கடுமையைக் கணக்கில் எடுக்காத இறப்பு விகிதம், கடினமான நோயாளியை ஏற்கும் மருத்துவரைத்தான் தண்டிக்கும்.

எந்தச் சான்றானாலும், அது எந்தக் கிளைக்கு, எந்தத் துறைக்கு, எந்தத் தேதிவரை என்பதைப் பார்க்க வேண்டும். ஆய்வகத்துக்கு வாங்கியதை மருத்துவமனை முழுவதற்குமானதுபோல் விளம்பரத்தில் போடுவது எளிது.