ஐநேச்சுரலிஸ்ட்: எழுதுபவரின் மேசையில் ஒரு பெயரகராதி

இயற்கையைப் பற்றி எழுத உட்காருபவர் முதல் பத்தியிலேயே முடிவெடுக்க வேண்டிய கேள்வி ஒன்று உண்டு: ஓர் உயிரினத்தை வழக்குப் பெயரால் சுட்டுவதா, அறிவியல் பெயரால் சுட்டுவதா, இரண்டையும் சேர்த்தே தருவதா? 2008இல் பெர்க்லியில் உள்ள கலிஃபோர்னியாப் பல்கலைக்கழகத்தில் முதுகலை மாணவர்களின் திட்டப்பணியாகப் பிறந்த ஐநேச்சுரலிஸ்ட், படத்தைக் கொண்டு உயிரினத்தை அடையாளம் காணும் சேவையாகவே பரவலாக அறியப்படுகிறது. பெயர் எழுதும் முறையைத் தீர்மானிக்க அது எவ்வளவு உதவுகிறது என்பதை மட்டுமே இங்கே மதிப்பிடுகிறேன்.

ஐநேச்சுரலிஸ்டின் அமைப்புகளில், வழக்குப் பெயரை முன்னும் அறிவியல் பெயரைப் பின்னும் காட்டச் செய்யலாம், வரிசையை மாற்றலாம், அறிவியல் பெயர் மட்டும் போதும் என்றும் வைத்துக்கொள்ளலாம். வழக்குப் பெயர்களைக் காட்டத் தேர்ந்தெடுக்கக்கூடிய மொழிகளில் தமிழும் உண்டு. பொது வாசகருக்கு எழுதுபவர் முதல் வகையையே தேர்ந்தெடுப்பது நல்லது. ஏனெனில் கட்டுரையிலும் அந்த வரிசையே படிப்பதற்கு இதமானது, அறிவியல் பெயரை முதல் முறை அடைப்புக்குறிக்குள் தந்துவிட்டால் பிறகு வழக்குப் பெயரே போதும். 'ராபின்' என்று தேடிப் பார்த்தால் அந்த ஒருமுறையின் அவசியம் விளங்கும். ஐரோப்பிய ராபின் எரிதாகஸ் ருபெகுலா; அமெரிக்க ராபின் டர்டஸ் மைக்ரடோரியஸ்; இரண்டும் வெவ்வேறு குடும்பப் பறவைகள்.

இச்சேவையின் பெரும்பயன் பெயர் மாற்றங்களில்தான் தெரிகிறது. கருவேலத்தை நெடுங்காலம் அகேசியா நிலோட்டிகா என்றே எழுதிவந்தோம். 2005இல் வியன்னாவில் கூடிய அனைத்துலகத் தாவரவியல் மாநாடு, அகேசியா என்னும் பேரினப் பெயர் (நெருங்கிய இனங்களின் தொகுதிக்கான பெயர், அறிவியல் பெயரின் முதல் சொல்) பெரும்பாலும் ஆஸ்திரேலியாவைச் சேர்ந்த இனங்களின் பெருங்கூட்டத்துக்கே உரியது என்ற முடிவை உறுதிசெய்ததால், கருவேலம் இன்று வெச்செல்லியா நிலோட்டிகா ஆகிவிட்டது. சீமைக் கருவேலமும் அப்படித்தான்: புரோசோபிஸ் ஜூலிஃப்ளோரா என்று பாடநூல் முதல் நாளிதழ் வரை பழகிய பெயர், 2022இல் அப்பேரினம் பிரிக்கப்பட்ட பின் நெல்டுமா ஜூலிஃப்ளோரா என மாறியது. ஐநேச்சுரலிஸ்டில் பழைய பெயர்கள் அழிக்கப்படுவதில்லை. ஏற்கப்பட்ட பெயரோடு, அதே உயிரினத்துக்கு வழங்கிய மற்ற அறிவியல் பெயர்களும் வகைப்பாட்டுப் பகுதியில் பட்டியலிடப்படுகின்றன. கட்டுரையில் புதிய பெயரைத் தந்து, பழையதை ஒருமுறை உடன் குறிப்பிடுவதே நேர்மையான வழி என்பது என் கருத்து. பழைய பெயரையே அறிந்த வாசகரை அந்தரத்தில் விட்டுவிடக் கூடாது. இத்தனை மாற்றத்துக்கும் நடுவே கருவேலம் கருவேலமாகவே நிற்கிறது என்பதால், வழக்குப் பெயரை அறிவியலுக்குப் பொருந்தாதது என்று ஒதுக்குவோரோடு எனக்கு உடன்பாடில்லை.

வழக்குப் பெயர்களை உறுப்பினர்களே சேர்க்கிறார்கள். தாமாகப் புனைந்த பெயரைச் சேர்க்கக் கூடாது என்பது விதி. ஆனால் சேர்த்தெழுதுவதிலும் ஒற்று மிகுவதிலும் ஒரே சீர்மையை இத்தகைய தொகுப்பிடம் எதிர்பார்க்க முடியாது, அதை எழுதுபவரே கவனித்துக்கொள்ள வேண்டும். தமிழில் இது சிறிய விஷயமன்று. ஆங்கிலத்தில் பறவையியலாளர்கள் இனப்பெயரைப் பேரெழுத்தில் தொடங்கி, அது பெயர்தான், வெறும் வருணனையன்று என்று காட்டிவிடுகிறார்கள். பேரெழுத்து இல்லாத நமக்குச் சேர்த்தெழுதுவதே அந்த வேலையைச் செய்கிறது: 'பச்சைக்கிளி' ஓர் இனம், 'பச்சை நிறக் கிளி' பச்சையாக உள்ள எந்தக் கிளியும்.

பெயரிட்ட ஆசிரியரையும் ஆண்டையும் இச்சேவை பெயரோடு காட்டுவதில்லை. சிங்கத்தின் பெயருக்குப் பின் லின்னேயஸ், 1758 என்பது அடைப்புக்குறிக்குள் வருவது, அவர் அதை முதலில் இன்றுள்ளதல்லாத வேறொரு பேரினத்தில் (ஃபெலிஸ்) வைத்தார் என்பதையும் சொல்கிறது. ஆய்வுக் கட்டுரை எழுதுவோர் இதற்கு வேறு பட்டியலை நாடியாக வேண்டும். பொதுக் கட்டுரைக்கு இது தேவையில்லை. பறவைகளுக்கு உலகப் பறவையினங்களின் கிளெமென்ட்ஸ் பட்டியலையும், கலன்தாவரங்களுக்கு (நீரையும் உணவையும் கடத்தும் குழாய்த் திசுக்கள் உள்ள தாவரங்களுக்கு) லண்டனின் கியூ தாவரவியல் பூங்காவின் உலகத் தாவரத் தரவுத்தளத்தையும் ஐநேச்சுரலிஸ்ட் அடிப்படையாகக் கொள்கிறது. வேறு பட்டியலைப் பின்பற்றும் இதழுக்கு எழுதுபவர், பெயர்களை எடுத்தாளுமுன் இரண்டையும் ஒப்பிட்டுக்கொள்வது அவசியம்.